கதவே வரவில்லை, கதவு எண்ணாம்

புது மனைப்பிரிவில் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. கம்பி திருடு போகாமலிருக்க கேமரா, கேமராவுக்கு ஃபைபர் இணைப்பு. “கதவு எண் சொல்லுங்க சார்” என்றார்கள் இணைப்பு நிறுவனத்தார் ஃபோனில். கதவே இன்னும் ஆசாரி பட்டறையில் கிடக்கிறது. பட்டாவில் சர்வே எண் உண்டு, உட்பிரிவு உண்டு. அவர்கள் கணினிக்கு அது செரிக்கவில்லை. 1972-இல் வந்த பின்கோடு ஊர்வரைதான் கூட்டிவரும். 2025-இல் அஞ்சல் துறை தந்த டிஜிபின்னோ பத்தே எழுத்தில் நாலுக்கு நாலு மீட்டர் கட்டத்தையே சுட்டும். பெருமையாக ஒப்பித்தேன். “ஓடிபியா சார்?” என்றது மறுமுனை.

கடைசியில், “வேப்பமரம் தாண்டி, மணல் குவியலுக்கு எதிரே” என்றதும் லைன்மேன் தம்பி நேரே வந்து நின்றார். கேபிளை இழுத்துவிட்டுக் கிளம்பும்போது சொன்னார்: “பூச்சு வேலையை ரெண்டு நாள் தள்ளிப்போடுங்க சார். மணல் தீர்ந்துட்டா மோடம் கொண்டுவர்ற பையனுக்கு வீடு தெரியாது.”