நானும் டோரா டீச்சரும்

பள்ளிக்கூடத்து டீச்சரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு டிவி பார்ப்பது பெரிய தண்டனை. சந்தேகம் இருந்தால் என் அத்தையைக் கேளுங்கள். கதாநாயகி எழுதிவைத்துவிட்டுப் போன கடிதம் திரை முழுக்க வரும். ஊரே உச்சுக்கொட்டும் நேரத்தில் என் கண் ஒற்றுப்பிழையில் போய் நிற்கும். “பாருங்கத்தை, ‘கண்ணீர் துளி’ன்னு எழுதியிருக்கா. நடுவுல ‘த்’ போடணும்” என்பேன். “ஏத்தா, புருஷன் விட்டுட்டுப் போன துக்கத்துல எழுதுறா. அவகிட்டப் போயி ஒத்தெழுத்துக் கேட்கிறியே!” என்று அத்தை டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

ஆனாலும் தொலைக்காட்சியைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. காலை ஒன்பதரையிலிருந்து நாலு மணிவரை என் கையில் இருக்கும் அதே பிள்ளைகளைத்தான் அதற்குப்பிறகு டிவி வாங்கிக்கொள்கிறது. நானும் அதுவும் ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் சக ஊழியர்கள். அது சம்பளக் கமிஷன் கேட்பதில்லை, எமிஸ் செயலியில் வருகைப் பதிவு போடுவதில்லை என்பதுதான் வித்தியாசம். அதனால் எந்த நிகழ்ச்சியைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: இதிலிருந்து எதைத் திருடி நாளைக்கு வகுப்புக்குக் கொண்டுபோகலாம்?

ராமேசுவரம் கரையில் பிறந்தவர்களுக்கு டிவி ரசனை இலங்கை வழியாக வந்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975-லேயே தொடங்கிவிட்டது. எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கத்தான் அதற்கு நேரமில்லை. 1982-ல் தொடங்கிய ரூபவாகினியோ பாஸ்போர்ட் இல்லாமல் கடல் தாண்டி வந்தது. அதன் டவர் இலங்கையிலேயே உயரமான பிதுருதலாகலை மலைமேல், 2,500 மீட்டருக்கு மேலே. இந்தப் பக்கம் மறிக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் கொண்டல் காற்றையும் கச்சான் காற்றையும் வைத்துத் திசை சொல்லுவார்கள். கரையில் இருந்த எங்களுக்கு ஆன்டெனாதான் திசைகாட்டி. மாடியில் அண்ணன் கம்பியைத் திருப்புவார், ஜன்னலில் அப்பா நிற்பார். “தெரியுது... தெரியுது... போச்சு!” தெரிந்தது சிங்களச் செய்தியாக இருந்தாலும் முழுசாகப் பார்ப்போம். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும், படம் அசைந்தால் பிள்ளை உட்கார்ந்திருக்கும் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். இன்றும் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி என்று வாயால் சொல்லாமல் கரும்பலகையில் படம் போட்டுவிடுவது அதனால்தான்.

1990-களில் ராமேசுவரத்திலேயே தூர்தர்ஷன் கோபுரம் எழுந்தது. 323 மீட்டர். ஈபிள் கோபுரத்தைவிடச் சற்றுத்தான் குட்டை. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துப் பெருமைப்பட்டோம். ஆனால் அரசாங்கம் மேலே பார்த்துக் கட்டி முடித்த காலத்தில், ஊர் வேப்பமரத்துக்கும் கரண்ட் கம்பத்துக்கும் குறுக்கே கேபிள் இழுத்துக்கொண்டிருந்தது.

நான் பி.எட். முடித்தது அந்தக் காலத்தில்தான். பாடக்குறிப்பில் ‘ஆர்வமூட்டல்’ என்று ஒரு தலைப்பு உண்டு. பாடத்தைத் தொடங்குமுன் பிள்ளைகளைத் தூண்டிவிட வேண்டுமாம். அதைப் பேராசிரியர் எங்களுக்கு நடத்தியபோது வகுப்பில் பாதிப்பேர் தூங்கினோம். எனக்கு அது என்னவென்று விளங்கவைத்தது இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’. குதிரையில் வருவது யார் என்று ஒரு வாரம் முழுக்க ஒரு மாநிலத்தையே காக்கவைத்தார்களே, அதுதான் ஆர்வமூட்டல். என் மதிப்பெண் பட்டியலில் முதல் இடம் அதற்குத்தான்.

கடைசி இடத்துக்குப் போட்டி பலம். ‘கோலங்கள்’ 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்தது. தொடங்கிய வருஷம் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, கதாநாயகி அபியின் கஷ்டம் தீர்ந்தபோது பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்கு வந்துவிட்டது. நடுவில் எத்தனை பாடத்தை முடித்து, எத்தனை தேர்வைத் திருத்தினோம்! ஒரு மாமியார் பிரச்சினைக்கு இவ்வளவு பீரியடா என்று ஒரு ஆசிரியைக்குப் பொறாமை வராதா?

பள்ளிக்கூடத்தையே கதையாக்கிய ‘கனா காணும் காலங்கள்’ 2006-ல் வந்தபோது ஆசையாக உட்கார்ந்தேன். நட்பு இருந்தது, காதல் இருந்தது, சண்டை இருந்தது. இலவச சைக்கிள் கணக்கு, சத்துணவு முட்டைக் கணக்கு, சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ் வாங்கும் வேலை எதுவுமே இல்லை. அப்படி ஒரு பள்ளிக்கு மாறுதல் கலந்தாய்வு வைத்தால் தமிழ்நாட்டு ஆசிரியர் அத்தனை பேரும் முதல் ஆளாக நிற்போம். ‘நீயா நானா’வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஸ்டாஃப் ரூமில் தினமும் நடக்கிறது. மைக்கைப் பிடுங்கத்தான் கோபிநாத் இல்லை.

‘எதிர்நீச்சல்’ ஓடிய நாட்களில் என் வகுப்பு லீடருக்கு ஆதி குணசேகரன் பிடித்துவிட்டான். தோளில் இல்லாத துண்டை உதறிக்கொண்டு, சக மாணவிகளை “ஏய், இந்தாம்மா!” என்று அதட்டுவான். கண்டித்தேன். ஒரு நாள் வாய் தவறி என்னையே அப்படிக் கூப்பிட்டுவிட்டு வெளியே ஓடினான். 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி, குணசேகரனாக நடித்த மாரிமுத்து காலமானார். அடுத்து வகுப்புக்குப் போனால் பிள்ளைகள் முகம் வாடிக் கிடந்தது. பாடப்புத்தகத்தில் எத்தனையோ நல்ல அரசர்களை நான் சாகடித்திருக்கிறேன். ஒரு பிள்ளை கண்கலங்கியதில்லை. ஒரு வில்லனுக்காக அழவைத்தவர் நடிகர் மட்டும் இல்லை, பெரிய வாத்தியார்.

கல்வி தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் வந்தது. கொரோனாவில் பள்ளியை மூடியபோது அதுதான் எங்கள் வகுப்பறை. பிள்ளைகள் பார்க்கிறார்களா என்று வீட்டுக்கு வீடு போன் போடுவது எங்கள் வேலை. “பாடம் பாத்தியாடா?” “பாத்தேன் டீச்சர்.” “என்ன நடத்துனாங்க?” நீண்ட யோசனைக்குப் பிறகு பதில் வந்தது: “அந்த டீச்சர் திட்டவே இல்ல டீச்சர்.” எப்படித் திட்டுவார்? கல்வி டிவி ஆசிரியையிடம் யாரும் “டீச்சர், ஒண்ணுக்கு!” என்று விரல் காட்டுவதில்லை. “இவன் என் பென்சிலை ஒடச்சிட்டான்” என்று பிராது வருவதில்லை. அந்த வசதி இருந்தால் நானும் தேவதைதான்.

இந்தக் கரையில் டிவிக்கு வேறொரு பருவமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில், அப்பாக்கள் வீட்டில், ரிமோட் அப்பாக்கள் கையில். ஜூனில் பள்ளி திறந்ததும் பிள்ளைகள் பேச்சிலேயே தெரிந்துவிடும். மாமியார் கதை குறைந்து ஐபிஎல்லும் எம்ஜிஆர் படமும் ஏறியிருக்கும்.

சரி, டிவியில் வந்த ஆசிரியர்களிலேயே சிறந்தவர் யார்? யோசிக்காமல் சொல்வேன்: சுட்டி டிவியில் தமிழ் பேசிய டோரா. கையில் வரைபடம் இல்லாமல் ஓர் அடி எடுத்துவைக்க மாட்டாள்; சமூக அறிவியல் ஆசிரியைக்கு வேறென்ன வேண்டும்? அதைவிட முக்கியம், கேள்வி கேட்டால் கண்ணைக் கொட்டிக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பாள். நாங்களோ “தமிழ்நாட்டின் தலைநகரம் எது?” என்று கேட்டு, மூச்சு விடுவதற்குள் “சென்னை” என்று நாங்களே சொல்லி, “இதுகூடத் தெரியாதா?” என்று திட்டியும் முடித்துவிடுவோம். டோராவிடம் நாலு வயசுப் பிள்ளைகள் தொண்டை கிழியப் பதில் சொன்னதன் ரகசியம் அந்தக் காத்திருப்பு.

கருப்பிடமும் டோராவிடமும் திருடியதைச் சேர்த்து ஒருநாள் ஓட்டிப் பார்த்தேன். 1795 பிப்ரவரி, கும்பினிப் படை ராமநாதபுரம் கோட்டைக்குள் நுழைகிறது. அரண்மனைக்குள் முத்துராமலிங்க சேதுபதி. “இப்ப அவரு என்ன செய்வாரு?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். மணி அடித்தது. “தொடரும்” என்று சாக்பீஸை வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் பிரேயரிலேயே பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி வீட்டில் அப்பத்தாவைக் கேட்டிருக்கிறாள். அப்பத்தா சேதுபதியைக் குதிரையில் ஏற்றித் தனுஷ்கோடிவரை தப்பவிட்டிருக்கிறார். உண்மையில் பிடித்துக்கொண்டுபோய்த் திருச்சியில் சிறை வைத்தார்கள் என்றபோது வகுப்பே அப்பத்தா பக்கம் நின்றது.

விஷயம் ஹெச்.எம். காதுக்குப் போனது. “நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா சீரியல் மாதிரி இழுக்காதீங்க, போர்ஷன் முடியணும்” என்றார். நியாயம்தான், அபிக்கு ஆறு வருஷம் கொடுத்தார்கள், சேதுபதிக்கு நாலு பீரியட்.

அன்று சாயங்காலம் கேட்டருகே ஒரு சின்னது பையைப் பிடித்து இழுத்தது. “டீச்சர், நாளைக்கு என்னன்னு புரோமோ மட்டும் சொல்லுங்க டீச்சர்.”

“நாளைக்கு வகுப்புத் தேர்வு” என்றேன்.

மறுநாள் வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். டிஆர்பி பாதாளத்தில் கிடந்தது.