மெழுகும் முட்டையும்

கேள்வி: உக்ரைன் வீடுகளில் ஈஸ்டர் அலங்காரத்துக்காக முட்டையின் மீது மெழுகை இட்டபின் சாயத்தில் நனைக்கிறார்களாமே, மெழுகின் மேல் சாயம் எப்படி ஒட்டும்?

பதில்: ஒட்டக்கூடாது என்பதற்காகவே மெழுகு இடப்படுகிறது. பிசாங்கா எனப்படும் இக்கலையில், கைப்பிடியின் நுனியில் சிறு உலோகப் புனல் பொருத்திய கிஸ்த்கா என்னும் கருவியைச் சுடரில் காட்டி, அதிலிருந்து வழியும் தேன்மெழுகால் வெள்ளை ஓட்டின் மீது கோலம் வரையப்படுகிறது. பின்னர் முட்டை மஞ்சள் சாயத்தில் மூழ்கும்போது கோட்டுக்கு அடியிலுள்ள வெண்மை தப்பிவிடுகிறது. அடுத்து, மஞ்சளாகவே நிற்கவேண்டிய இடங்களை மூடிச் சிவப்பிலும், இறுதியில் கருப்பிலும் நனைக்கும்போது, அத்தனை உழைப்பும் கரிக்கட்டையாகிவிட்டதோ என்று பார்ப்பவர் அஞ்சும் நிலைக்கு முட்டை வந்துசேரும். சுடரருகே பிடித்து மெழுகை உருக்கித் துடைத்த பின்னரே நிறங்கள் யாவும் வெளிப்படும். 2024இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற பிசாங்கா உண்பதற்குரியது அன்று. உண்பதற்கென்றே வேகவைத்து ஒரே நிறத்தில் சாயமிடும் கிராஷங்கா என்னும் தனி வகை உண்டு. பொறுமை குறைந்தோர் வெங்காயச் சருகோடு முட்டையை வேகவைத்தால் போதும்: ஓடு செம்பழுப்பாகிவிடும், விருந்தினர் பசித்திருந்தால் அலங்காரத்தையே உரித்து உண்ணவும் செய்யலாம்.