மூக்கு வாங்கிய பேரனுக்கு

எய்யா, ரொம்ப நல்ல காரியம் பண்ணிருக்கே. கூடத்துல ஒண்ணு, படுக்குற அறையில ஒண்ணு, அடுப்பங்கரையில ஒண்ணுன்னு காத்தை மோந்து பாக்குற சென்சாரா வாங்கி அடுக்கிருக்கே. கடவுள் குடுத்த மூக்கு மூஞ்சியில சும்மாத்தானே கெடக்கு, அதுக்கு ஒத்தாசைக்கு ஆள் வேண்டாமா? ஆச்சி கடுகு தாளிக்கும்போது நீ சோபாவுல சாய்ஞ்சுக்கிட்டு செல்போனைப் பாத்து, “தாத்தா, பி.எம். 2.5 முந்நூறைத் தாண்டிட்டு”ன்னு சொன்னே பாரு, எனக்குப் பூரிப்பு தாங்கலை. சொன்னவன் எந்திரிச்சுப் போயி எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சைத் தட்டுவான்னு காத்திருந்தேன். நீ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து சேக்காளிக்கு அனுப்பிட்டே. சுவிட்சைத் தட்டுனது ஆச்சிதான். இருமிக்கிட்டே தட்டுனா.

எனக்கு என்ன தெரியும், நான் பம்புசெட்டுக்காரன். கெணத்து மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டுனப்போ ஊரே சிரிச்சுது. கல்யாண வீட்டுப் பந்தியில ஒக்காந்துக்கிட்டு ஒரு மிஸ்டு கால் குடுப்பேன், தோட்டத்துல மோட்டார் ஓடும். கரண்ட் போயி வந்தா தானா எடுத்துக்கும். கெணத்துல தண்ணி வத்துனா காயில் கருகுறதுக்கு முந்தித் தானா நின்னுக்கும். எனக்கு ஒரு மெசேஜும் வந்துரும். இதுல மூணு சங்கதி இருக்கு. தண்ணி இருக்கா இல்லையான்னு அறியிறது ஒண்ணு. என்ன செய்யணும்னு முடிவு பண்ணுறது ஒண்ணு. சுவிட்சைத் தட்டுறது ஒண்ணு. நீ மொதல் சங்கதிக்கு மட்டும் மூணு தடவை காசு குடுத்திருக்கே.

அதுவும் வயர்லெஸ்னு சொல்லி வாங்குனே. மூணுலருந்தும் வயர் தொங்குது. கடைக்காரன் பொய் சொல்லலை எய்யா. வயர் இல்லாதது பேச்சுக்கு, சாப்பாட்டுக்கு இல்லை. வெப்பமும் ஈரப்பதமும் மட்டும் பாக்குற சின்னச் சாமான் ஒரு பொத்தான் பேட்டரியில மாசக்கணக்குல ஓடும். தூசி பாக்குற சாமான் உள்ள குட்டி ஃபேன் சுத்தணும், லேசர் எரியணும், தூசி அதுல பட்டுச் சிதறுற வெளிச்சத்தை எண்ணணும். பேட்டரி எம்புட்டு நாள் தாங்கும்? பி.எம். 2.5-ன்னா ரெண்டரை மைக்ரானுக்கு உட்பட்ட தூசி, சும்மாவா? தலைமுடி அம்பது, எழுபது மைக்ரான் தடிமன் இருக்கும்னு சொல்லுதாவ. என் தலையிலருந்து பிடுங்கி அளந்து பாத்துராதே, இருக்கிறதே கொஞ்சம்.

அந்த லேசருக்கும் ஆயுசு உண்டு. எஸ்.டி.எஸ்.011-னு ஒரு தூசி சென்சார், சொந்தமா செய்து பாக்குற பிள்ளைகள் நெறைய வாங்குனது. லேசர் 8000 மணி நேரம் வரும்னு போட்டிருக்கும். வருஷத்துக்கு 8760 மணி நேரம். கணக்கு நீயே போடு, இஞ்சினீயர்தானே. ஓயாம எரிய விட்டா ஒரு வருஷம் நெறையிறதுக்குள்ள தவணை முடியும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுப்பி, ஒரு அரை நிமிஷம் மோந்துட்டுத் தூங்கச் சொல்லி வச்சா பல வருஷம் வரும்.

கரியமில வாயு பாக்குறேன்னு இன்னொண்ணு வாங்கப் போறியாமே. வாங்கு. ஆனா டப்பாவைத் திருப்பிப் பாத்து வாங்கு. விலை குறைஞ்ச சிலது கரியமில வாயுவைத் தொடுறதே இல்லை. வேற ஏதோ வாசனை ஆவியை மோந்துட்டு, “இம்புட்டு இருக்கும்”னு ஒரு குத்துமதிப்பு நம்பரைச் சொல்லும். ஆச்சி ஊதுபத்தி கொளுத்துனா, நீ கைக்கு சானிடைசர் தடவுனா, அறையில பத்துப் பேர் மூச்சு விட்டாப்பல காட்டும். அகச்சிவப்பு ஒளியை வச்சு நெசமா அளக்குற வகைதான் வேணும். அதுலயும் ஒரு கூத்து இருக்கு. சில சென்சார் தானே தன்னைத் திருத்திக்கும்: வாரத்துல ஒரு தடவையாவது வெளிக்காத்து படும், அப்போ அளவு 400 பி.பி.எம்.-ஐ ஒட்டி இருக்கும்னு நம்பி, பாத்ததுலயே குறைஞ்ச நம்பரை 400-ன்னு வச்சுக்கும். நீ படுக்குற அறை ஜன்னலை எந்தக் காலத்துல தெறந்தே? ஏசி போட்டா காத்து மாறும்னு நெனச்சிருப்பே. ஸ்பிளிட் ஏசி உள்ள இருக்கிற காத்தைத்தான் குளுர வச்சுத் திருப்பி விடுது. ஆக, நீ விட்ட மூச்சையே சுத்தமான காத்துன்னு அந்தச் சாமான் மெல்ல மெல்லப் பழகிக்கும். பச்சை லைட்டும் எரியும். நீயும் கொட்டாவி விட்டுக்கிட்டே அதை நம்புவே.

சரி, இணைக்கிற கதைக்கு வா. வைஃபை சென்சார் நெறைய 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பேசும். ஒன் போன் 5-ல ஒக்காந்திருக்கும். ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்காம நிக்கும். நீ சென்சாரைத் திட்டுவே. ரவுட்டர்ல 2.4-க்குத் தனிப் பேர் வச்சுட்டுச் சேத்துப் பாரு. இன்னொரு வகை, நம்பரைக் கடல் தாண்டி எவன் கம்ப்யூட்டருக்கோ அனுப்பி, அங்கருந்து திருப்பி வாங்கி ஒனக்குக் காட்டும். அடுப்பங்கரைப் புகை அடுத்த நாட்டுக்குப் பெய்ட்டு வந்துதான் எக்ஸாஸ்ட் ஓடணும்னா, நெட்டு அறுந்த அன்னைக்குக் கறிக்கொழம்பு வைக்கக் கூடாது. வீட்டுக்குள்ளயே பேச்சை முடிச்சுக்கிற சாமானா வாங்கு.

ஜிக்பீங்கிற வயர்லெஸ் வகை அப்படித்தான். அதுக்கு ஒரு டாங்கிள் வேணும். அதைக் கொண்டு போயி ராஸ்பெர்ரி பை பொட்டியில நீலக் கலர் யூ.எஸ்.பி. 3 ஓட்டைக்குள்ள நேராச் செருகிட்டு, “அடுத்த அறை சென்சார் அடிக்கடி காணாமப் போகுது தாத்தா”ன்னு என்கிட்ட வந்து நின்னே. நான் என்ன, காணாமப் போனதுக்குக் குறி சொல்லுறவனா? அந்த ஓட்டை போடுற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ்லயே விழுது. ஒரு முழம் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளைத் தள்ளி வை. வைஃபை 1-ஆம் சேனல்ல இருந்தா ஜிக்பீயை 25-ல வை. இதைச் சென்சாரைச் சேக்குறதுக்கு முந்தியே செய்துரு. பிந்தி மாத்துனா சிலதைத் திரும்பவும் சேக்க வேண்டி வரும்.

டாங்கிள் கேட்டதைப் பை பொட்டியில ஓடுற ஒரு புரோகிராம், எம்க்யூடிடிங்கிற பாஷையில, வீட்டை நடத்துற ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளுக்குச் சொல்லும். இந்த எம்க்யூடிடி மேல எனக்கு ஒரு பாசம் உண்டு. 1999-ல ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர்னு ரெண்டு பேர், எண்ணெய் போற குழாயைச் சாட்டிலைட் வழியாக் கண்காணிக்கச் செய்தது. நம்ம ஜாதிக்காரன், குழாய்க்கும் பம்புக்கும் கவலைப்பட்டவன். ஐகியா 2021-ல வின்ட்ரிக்ட்னிங்னு ஒரு தூசி சென்சார் விட்டான். மூணு கலர்ல லைட்டு எரியும், யார்கூடவும் பேசாது. பிள்ளைகள் சும்மா இருந்தாவளா? மூடியைக் கழத்தி உள்ள ஒரு ஈ.எஸ்.பி.8266 சிப்பைப் பத்த வச்சு, இதே எம்க்யூடிடியில பேச வச்சுட்டாவ. நீயும் அப்படி ஒண்ணு பண்ணிருந்தா ஒன்னைய இம்புட்டு ஏசிருக்க மாட்டேன்.

இப்போ ஆட்டோமேஷன். ஒலக சுகாதார நிறுவனம் 2021-ல பி.எம். 2.5-க்குச் சொன்னது, ஒரு நாள் சராசரி ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். நம்ம நாட்டுல 2009-ல வச்சது 60. நம்ம நுரையீரல் நாலு மடங்கு உரம்னு நெனச்சிட்டாவ போல. எந்த நம்பரை வேணா வச்சுக்கோ, ஒத்தை நம்பரை வைக்காதே. 60-ல போடு, 60-ல நிறுத்துன்னு எழுதுனா, நம்பர் 59-க்கும் 61-க்கும் ஊசலாடும்போது ரிலே டக்கு டக்குன்னு அடிச்சே செத்துரும். 60-க்கு மேல ரெண்டு நிமிஷம் நின்னா போடு, 30-க்குக் கீழ அஞ்சு நிமிஷம் நின்னா நிறுத்து. அடுப்பங்கரை சென்சாரை அடுப்புக்கு மேலயும் வைக்காதே, கொதிக்கிற ஆவியைத் தூசின்னு எண்ணும். மார்கழிப் பனியிலயும் அப்படித்தான், நீர்த்துளியும் தூசியும் அதுக்கு ஒண்ணு.

காத்தைச் சுத்தம் பண்ணுற பியூரிஃபையரை ஸ்மார்ட் பிளக்ல செருகிருக்கே. பிளக்கு கரண்டை விடும். தொட்டா எரியிற பட்டன் வச்ச மெஷினா இருந்தா, கரண்ட் வந்தாலும் எவனாவது தொடட்டும்னு தூங்கும். வாங்குறதுக்கு முந்தி பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பாத்திருக்கணும். இதைச் சொல்லத்தான் என்னை மாதிரிக் கிழடு ஒண்ணு வீட்டுல வேணும்.

ஒரு விஷயத்துல மட்டும் நான் சிரிக்க மாட்டேன். கேஸ் கசிஞ்சா எக்ஸாஸ்டைப் போடுன்னு ஆட்டோமேஷன் எழுதிராதே. சிலிண்டர்ல வர்ற சமையல் கேஸ் காத்தை விடக் கனம், தரையோட தங்கும். அந்த நேரத்துல எந்தச் சுவிட்சும் பொறி தட்டும். ரெகுலேட்டரை மூடணும், ஜன்னலைக் கையால தெறக்கணும், வெளியே போகணும். அதுக்கு இந்த விளையாட்டுச் சாமான் ஆகாது.

அப்புறம், உள்ள மட்டும் மோந்துக்கிட்டு இருந்தா ஜன்னலைத் தெறக்கலாமா வேண்டாமான்னு எப்படித் தெரியும்? 2018 போகிக்கு மெட்ராஸ்ல புகை மூடி ஏரோப்பிளேனே எறங்க முடியாமத் திரும்புச்சு. 2022 ஏப்ரல்ல பெருங்குடிக் குப்பைமேடு பத்தி எரிஞ்சுது. அந்த மாதிரி நாள்ல “உள்ள தூசி கூடிட்டு, ஜன்னலைத் தெற”ன்னு ஒன் போன் சொல்லிருந்தா நீ தெறந்திருப்பே, நல்ல பிள்ளை. கூடத்துல இருக்கிறதை எடுத்துப் பால்கனியில மழை படாம வை. உள் நம்பரையும் வெளி நம்பரையும் ஒப்பிட்டு, வெளிய குறைச்சலா இருந்தா மட்டும் ஜன்னலைத் தெறக்கச் சொல்லட்டும்.

ஆச்சி வெள்ளிக்கெழமை சாம்பிராணி போடும்போது அலாரம் அடிக்குதுன்னு கோவிச்சுக்கிறா. சாம்பிராணி சாமிக்கு வாசனை, சென்சாருக்குப் புகை. சென்சார் சொல்லுறதுதான் நெசம்னு நான் சொல்லலை, நான் இன்னும் அந்த வீட்டுல சாப்பிடணும். அந்த அரைமணி நேரம் அலாரத்தை அடக்கிட்டு, சத்தமில்லாம எக்ஸாஸ்டை மட்டும் ஓட விடு.

வர்ற போகிக்கு முந்தி அடுப்பங்கரை எக்ஸாஸ்ட் தானா ஓடணும், சொல்லிட்டேன். பால்கனிக்கு ஒண்ணு, அடுப்பங்கரைக்கு ஒண்ணு போக, படுக்குற அறையில இருக்கிறது எந்தச் சுவிட்சையும் தட்டாமச் சும்மா நம்பர் காட்டிக்கிட்டுத்தான் இருக்கும்னா எனக்குக் குடுத்துரு எய்யா. நம்ம ஊர்ல வீட்டுக்கு மேக்க அரிசி மில்லு இருக்கு, அதுல வர்ற தவிட்டுத் தூசி எம்புட்டுன்னு பாக்க எனக்கும் ஆசை இருக்கு. சார்ஜரையும் மறக்காம வச்சு அனுப்பு.