மூத்த காட்டுக்கு வழிவிடுங்கள்

சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் அரண்ட் காட்டில் நிலக்கரிச் சுரங்கம் கூடாது என்பவர்களுக்கு நிலவியல் தெரியாது. கரியே பழைய காடுதான். கோண்டுவானா காலத்து மரங்கள் 25 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணுக்கடியில் மூச்சுத் திணறிக் கிடக்கின்றன. மேலே நிற்கும் சால் மரங்களோ நேற்று முளைத்தவை. மூத்தோருக்கு இளையோர் இடம் விடுவதுதானே பண்பாடு?

யானைத்தடம் குறுக்கிடுகிறதாம். பள்ளத்தைச் சுற்றிப் போனால் யானைக்கும் நடைப்பயிற்சி. வெட்டிய காட்டுக்கு ஈடாக வேறெங்கோ கன்று நடுவார்கள். விலாசம் விசாரித்துப் போய்க்கொள்ளட்டும்.

அங்கே சுரங்க ஒதுக்கீடுகளையெல்லாம் ரத்து செய்யுங்கள் என்று 2022 ஜூலையில் மாநிலச் சட்டமன்றமே ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. எவ்வளவு அருமையான தீர்மானம்! 2023 டிசம்பரில் மரங்களை வெட்டினார்கள், போலீஸ் காவலோடு.