தள்ள வேண்டியதை இழுத்தவன்

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 ஆகஸ்டில் புது அவதாரம் எடுத்து வந்தபோது, அதோடு கூடவே ஒரு ஏர்பஸ் ஏ320 நியோவும் வந்தது. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து ஓட்டலாம். அங்கேதான் எனக்கு இடித்தது. யார் வேண்டுமானாலும் ஓட்டும் விமானத்தை நான் எதற்கு ஓட்ட வேண்டும்?

இந்தக் கொழுப்பை நம்பியே ஒரு வியாபாரம் நடக்கிறது. சிமுலேட்டருக்குள் போட்டுக்கொள்ளத் தனி விமானங்கள் செய்து விற்கிறார்கள். ஆட்-ஆன் என்று பெயர். பிஎம்டிஜியின் போயிங் 737, ஏ2ஏவின் கோமான்சி 250, 2022 மே மாதம் வந்த ஃபீனிக்ஸ் ஏ320 என்று சில பெயர்களைச் சொன்னாலே இந்த உலகத்து ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ‘ஸ்டடி லெவல்’ என்பது அவற்றுக்கான பட்டம். அதாவது, நிஜ விமானத்தின் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஓட்டலாம். ஃபீனிக்ஸின் வயிற்றுக்குள் ஓடுவது ப்ரோசிம் என்ற, பயிற்சிக் கருவிகளுக்காக எழுதப்பட்ட மென்பொருள். நான் வாங்கியது ஃபீனிக்ஸைத்தான்; அப்போது விலை சுமார் 50 பவுண்டு. வீட்டில் ரூபாயில் சொல்லவில்லை, பவுண்டில் சொன்னேன். ஐம்பது என்றால் கேட்பதற்குச் சின்னதாக இருக்கிறது.

வாங்கிய மறுநாள் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம், “நம்மகிட்ட இருக்கறது கேம் இல்ல சார்” என்று ஆரம்பித்தேன். அவர் கேட்கவே இல்லை.

முதல் நாள் இரவு முழுவதும் விமானம் சென்னை விமான நிலையத்தில் நின்ற இடத்திலேயே நின்றது. பேட்டரியைப் போட வேண்டும், வெளி மின்சாரம் கேட்க வேண்டும், தலைக்கு மேலே இருக்கும் மூன்று குமிழ்களைத் திருப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வடக்கு எந்தப் பக்கம் என்பதை, பூமி சுழல்வதை உணர்ந்து விமானம் தானே கண்டுபிடிக்கும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அடடா, என்ன நிஜம் என்று வியந்தேன். பிறகு எம்சிடியூ என்கிற அந்தக் கால்குலேட்டர் மாதிரியான பெட்டியில் விமானத்தின் எடையை உள்ளிட்டேன். ‘ஃபார்மேட் எரர்’ என்றது. மாற்றிப் போட்டேன். ‘நாட் அலவ்ட்’ என்றது. வங்கியிலிருந்து ரேஷன் கடை வரை எல்லா இடத்திலும் கேட்கிற பதில்தான். காசு கொடுத்துக் கேட்டது இதுதான் முதல் முறை.

வடக்கைத் தேடும் அந்த நிமிடங்களை ஒரு வாரம்கூட என்னால் பொறுக்க முடியவில்லை. விமானிக்குப் பக்கத்தில் ஒரு டேப்லெட் இருக்கிறது. அதில் காத்திருப்பைச் சுருக்க ஒரு வசதி. சுருக்கினேன்.

அடுத்தது சர்க்யூட் பிரேக்கர். விமானிகளின் முதுகுக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் குமிழ்கள். ஃபீனிக்ஸில் அவை அலங்காரம் அல்ல, இழுத்தால் அதற்குரிய கருவி நிஜமாகவே செத்துப்போகும். பார்க்கலாமே என்று ஒன்றை இழுத்தேன். எதுவும் நடக்கவில்லை. இன்னொன்று. அதற்கும் ஒன்றுமில்லை. முன்பக்கம் திரும்பிப் பார்த்தால் ஒரு திரை இருட்டாக இருந்தது. எதை இழுத்தேன் என்று மட்டும் நினைவில்லை. எல்லாக் குமிழும் பார்க்க ஒரே மாதிரி, பெயர்களோ சுருக்கெழுத்து. மூக்கைத் திரையில் ஒட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாகத் தேடினேன். கடைசியில் மொத்த சிமுலேட்டரையும் மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன். நிஜ விமானிக்கு இந்த வழி கிடையாது. அன்றோடு, எல்லாக் கருவிகளும் உயிரோடு, எஞ்சின் ஓடிக்கொண்டு, ஓடுபாதையில் புறப்படத் தயாராக நிற்கும் விமானத்தையே நேராக வரவழைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது.

கோமான்சி கதை சின்னது. அந்தக் குட்டி விமானத்தின் எஞ்சின் நம்மை நினைவில் வைத்திருக்கும். இன்று முரட்டுத்தனமாக ஓட்டினால் நாளைக்கு அதற்கு உடம்பு சரியிருக்காது. மெயின் ஸ்விட்சை அணைக்காமல் தூங்கப் போனேன். பேட்டரி இறங்கியிருந்தது. அவ்வளவுதான், நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

நாய் கதையைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏ320-இல் பச்சை, மஞ்சள், நீலம் என்று மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள். பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடையே அழுத்தம் 500 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசப்பட்டால், பிடியூ என்ற கருவி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அழுத்தத்தைக் கடத்தும். அப்போது எழும் சத்தத்தை ஏ320-இல் போனவர்கள் கேட்டிருப்பார்கள்: காலுக்கு அடியில் நாய் குரைக்கும். ஒரு நாள் ராத்திரி, பழைய வைராக்கியம் திரும்பி, இருட்டு விமானத்திலிருந்து ஆரம்பித்தேன். எஞ்சினை ஓட விடாமலே மஞ்சள் பம்பை மட்டும் போட்டேன். ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் இருந்தது.

“யார் வீட்டு நாய்டா அது? எங்கயோ மாட்டிக்கிட்டுக் கத்துது பாரு,” என்றாள் அம்மா, கூடத்திலிருந்து.

ஹைட்ராலிக் என்று சொல்லியிருக்கலாம். இந்த வயதில் இந்த நேரத்தில் என்ன பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்ற பேச்சு வரும். அதனால் பம்பை அணைத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே போய், நிறுத்தியிருந்த கார்களுக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்தேன். வாட்ச்மேனும் கூடச் சேர்ந்து தேடினார். நல்ல மனிதர். கிடைக்கவில்லை என்றபோது எனக்காக வருத்தப்பட்டார்.

பறப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏர்பஸ்ஸில் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் வேகம், திசை, உயரம் ஆகியவற்றுக்கான குமிழ்கள் இருக்கின்றன. குமிழை உள்ளே தள்ளினால் பொறுப்பு விமானத்துக்கு. வெளியே இழுத்தால் பொறுப்பு நமக்கு. அபாரமான யோசனை. மவுஸில் செய்யும்போது இரண்டுக்கும் நடுவே நூலிழை வித்தியாசம்தான். சென்னையில் 07 ஓடுபாதையில் கிளம்பி, திசைக் குமிழைத் தள்ளுவதாக நினைத்து இழுத்துவிட்டு, ஜன்னல் வழியே சாந்தோமையும் மெரினாவையும் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன். ரசித்து முடித்தபோது நாலா பக்கமும் கடல். அதே திசையில் விட்டிருந்தால் பர்மா. செட்டிநாட்டுக்காரர்கள் கப்பலேறிப் போன நாட்டுக்கு, மதுரைக்குப் போட்ட எண்ணெயை வைத்துக்கொண்டு நான் போய்க்கொண்டிருந்தேன்.

இத்தனையும் அணைத்து, சுருக்கி, தாண்டிக் குதித்த பிறகும் ஒரு கௌரவத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் பாஸ் போட்டு சிமுலேட்டரை நிறுத்திவைக்க மாட்டேன். நிஜ விமானத்தில் பாஸ் ஏது?

அன்றும் மதுரைக்குத்தான். 28,000 அடியில் ஆட்டோபைலட் ஓட்டிக்கொண்டிருந்தது. இறங்குவதற்கு ஆயிரம் அடிக்கு மூன்று நாட்டிகல் மைல் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. திருச்சியை நெருங்கும்போதே இறங்க ஆரம்பிக்க வேண்டும். விமானம் அந்த இடத்தைத் தானே கணித்துத் திரையில் காட்டும். ஆனால் தானே இறங்காது. உயரத்தைக் குறைத்து வைத்து, குமிழைத் தள்ளினால்தான் இறங்கும். அந்த நேரம் பார்த்து, “ஏங்க, தோசை ஆறுது” என்று குரல் வந்தது. இரண்டு தோசை என்று போனேன். தக்காளிச் சட்னி. இன்னொன்றும் போட்டுக்கொண்டேன்.

வந்து பார்த்தால் திரையில் ‘டிசெலரேட்’ என்று எழுதியிருந்தது. எவ்வளவு நேரமாகவோ தெரியாது. கீழே மதுரை. 28,000 அடிக்குக் கீழே. வழித்தடத்தின் கடைசியில் நான் நிரப்பாமல் விட்ட ஓர் இடைவெளியும் இருந்ததால், விமானம் எங்கேயும் திரும்பாமல் மூக்குக்கு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. உயரத்தைக் குறைத்துக் குமிழைப் பிடித்தேன், ஸ்பீட் பிரேக்கை முழுசாக இழுத்தேன். இதற்குள் மனைவி தட்டோடு வந்து பின்னால் நின்றாள்.

“மதுரை வந்திருச்சா?”

“வந்து போயிருச்சு.”

“இப்ப எங்க?”

மேப்பைப் பார்த்தேன். “சாத்தூர்.”

“அப்ப இறங்கி அரைக் கிலோ சேவு வாங்கிட்டு வாங்க.”

இறங்க முடிந்தால்தானே. இன்னும் 16,000 அடி இருந்தது.