அவசரக் கல்யாணவியல்: சேலம் – நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

இத்துறையில் நமக்குக் கிடைக்கும் ஒரே முன்னோர் ஆய்வு, ‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்பதுதான். அதில் எச்சரிக்கை இருக்கிறது. எத்தனை நாள் ஆகும் என்ற கணக்கு இல்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கல்யாணம் ஒன்றே ஒன்று, என் தங்கை மகளுடையது. ஒன்றை வைத்துக்கொண்டு பொதுவிதி சொல்லலாமா என்று கேட்பவர்கள் இன்னொன்றை அவர்களே நடத்திப் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு இடுப்பில் தெம்பில்லை. ஆய்வாளனே பெண்ணின் தாய்மாமன் என்பதால் நடுநிலை பற்றி ஐயம் எழலாம். எழ வேண்டாம். எனக்கு யார்மீதும் எந்த வருத்தமும் கிடையாது.

ஆய்வுக்களம் வடக்கே சேர்வராயன் மலையடிவாரம் முதல் தெற்கே பரமத்தி வேலூர்க் காவிரிக்கரை வரை. 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் பிரிந்தது. பங்காளிகளும் மாமன் மச்சான்களும் பிரியவில்லை. ஆகவே இரண்டையும் ஒரே களமாகக் கொள்வதே முறை.

அவசரம் தோன்றிய விதம் வருமாறு. மாப்பிள்ளைப் பையனுக்கு ஜெர்மனியில் வேலை, கையில் ஒரு மாத லீவு. “ஆனியில ஒரே முகூர்த்தந்தானுங்க பாக்கி. ஆடி பொறந்துட்டா ஒண்ணும் பண்ண முடியாது. ஆவணியில பையன் இங்க இருக்க மாட்டான்” என்றார் அவனுடைய அப்பா. என் மச்சான் கொஞ்சமும் யோசிக்காமல், “அதுக்கென்னங்க, பண்ணிப்போடலாம்” என்றார். இந்தப் ‘பண்ணிப்போடலாம்’ வெளிவந்த கணத்தைத் தொடக்கமாகக் கொண்டால் தாலி கட்ட 19 நாள் இருந்தது.

கெடு வந்து நின்றால் கல்யாணம் ஓட்டமெடுக்கும் என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. குழந்தை மணத்தைத் தடுக்க வந்த சாரதா சட்டம் 1929இல் நிறைவேறியது. 1930 ஏப்ரல் 1 அன்றுதான் அமலுக்கு வந்தது. இடையில் கிடைத்த ஆறு மாதத்தில் நாடெங்கும் சின்னஞ்சிறுசுகளை மணையில் உட்காரவைத்துத் தள்ளினார்கள். சிரிப்பு வராத உதாரணம். அதற்காக ஆய்வாளன் மறைக்க முடியாது.

நிற்க. ‘நாள் போதாது, வேலை முடியாது’ என்பதே ஊரார் கருதுகோள். முதலில் அதைத் தீர்த்துக்கட்டுவோம். சுற்றத்துக்கான சேலைகளை இளம்பிள்ளையில் ஒரே பகலில் எடுத்தோம். மாப்பிள்ளைக்கு வெண்பட்டு வேட்டி வாங்கச் சேலத்துக்காரன் எந்த ஊருக்குப் போவான்? கொலுசு செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் லீ பஜார், மளிகை தீர்ந்தது. நெய் ராசிபுரத்திலிருந்து. வெற்றிலையும் வாழையிலையும் பரமத்தி வேலூரிலிருந்து. பாயசத்துக்கு ஜவ்வரிசி தேடிச் சேலத்தில் அலைந்தவன் இதுவரை பிறக்கவில்லை. முட்டைக்குப் பந்தியில் இடமில்லாததால் நாமக்கல்லின் தலையாய உற்பத்தியை மட்டும் பயன்படுத்த முடியாமல் போனது. மண்டபம் கிடைக்கவே கிடைக்காது என்றார்கள். ஒரு வீட்டில் நிச்சயம் முறிந்து தேதி காலியாக, நாங்கள் பிடித்துக்கொண்டோம். அவ்வீட்டாருக்கு இவ்வாய்வு கடமைப்பட்டிருக்கிறது; பெயரைச் சொல்லி நன்றி கூறினால் அடிக்க வருவார்கள். எல்லாம் சேர்த்து என் டைரிப்படி நான்கு நாள்.

சட்டம் எவ்வளவு அவசரப்படும் என்றும் பார்த்தேன். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்துவிட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். அது எங்கள் 19 நாளுக்குள் அடங்காது. மறுபக்கம், 1967இல் அண்ணா ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கியது. உற்றார் நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். தாலி கட்டினாலும் சரி. நிதானமாகச் செய்தாலும் ஐந்து நிமிடம். திராவிடர் கழகம் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது 1944இல், எங்கள் சேலத்தில். அந்த ஊர்க்காரர்களாகிய நாங்கள் ஐந்து நிமிட வேலையை 19 நாளுக்கு இழுத்துவிட்டு, அதற்கு ‘அவசரம்’ என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

சீர்கள் இழுத்தனவா என்றால் அதுவும் இல்லை. கொங்குக் கல்யாணம் ஒரு காலத்தில் மூன்று நாள் நடந்தது. சீர்களை நடத்திக்கொடுக்கும் அருமைக்காரரிடம் போய்க் கேட்டேன். “எல்லாச் சீரும் பண்ணோணும்னா மூணு நாளு வேணுங் கண்ணு. வீடியோக்காரன் எத்தனை நேரங் குடுத்திருக்கறான்?” என்று திருப்பிக் கேட்டார். கம்பர் பாடியதாகச் சொல்லப்படும் மங்கல வாழ்த்தையும் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு தொடங்குமுன் பாடி முடித்துவிட்டார்கள்.

அப்படியானால் மிச்சம் 15 நாள் எங்கே போயிற்று? இங்கேதான் இவ்வாய்வின் மையக்கருத்தாகிய ‘சடவு’ வருகிறது.

நேரில் வந்து அழைக்காததாலோ, அழைத்தும் தட்டில் வெற்றிலை பாக்கு வைக்காததாலோ, வைத்தும் நின்றுகொண்டே நீட்டியதாலோ ஓர் உறவுக்குள் தேங்கும் வருத்தமே சடவு. பணத்தால் கரையாது. போன் பண்ணினால் கூடும். வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பினால் அடுத்த தலைமுறைக்கும் போகும். ஆகவே ஒவ்வொரு வாசலாக ஏறியாக வேண்டும். ஏறின வீட்டில் காப்பி குடிக்காமல் எழக் கூடாது. ஒரு பகலில் மனித உடல் தாங்கும் காப்பிக்கு அளவுண்டு. எனவே ஒரு பகலில் அழைக்கக்கூடிய வீடுகளுக்கும் உடலியல் வரம்பு உண்டு. சங்ககிரிப் பக்கம் பதினோராவது டம்ளரில் எனக்குக் கை நடுங்கியது.

வீட்டில் ஆள் இருந்தால்தான் இந்தக் கணக்கு. பெண்ணின் சித்தப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டிருந்தார். “தேதியக் குறிச்சுப்போட்டு அப்பறம் சொல்றீங்ளா?” என்றார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “அறுநூறு அடி போயாச்சு, இன்னும் புழுதிதான் வருது. தண்ணியக் காணாம வண்டிய எப்படி எடுக்கறது?” இன்னொருவர் காஸ் டேங்கரோடு மங்களூரில் லோடுக்காக வரிசையில் நின்றார். ஆண்களை இந்தியா முழுக்க அனுப்பிவைத்திருக்கும் சமவெளி இது. தாலியை ஐந்து நிமிடத்தில் கட்டலாம். சித்தப்பனைச் சத்தீஸ்கரிலிருந்து கொண்டுவர முடியுமா?

இணைச்சீர் இன்னொரு நான்கு நாளைத் தின்றது. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் கூறைச்சேலையோடு நிற்க வேண்டிய சீர் அது. இவனுக்குக் கூடப்பிறந்தவள் இல்லை; பெரியப்பா மகள்கள் இருவர், ஒருத்தி எடப்பாடி, ஒருத்தி ராசிபுரம். எந்தப் பக்கம் கையைக் காட்டினாலும் மறுபக்கம் சடவு. கடைசியில் எடப்பாடிக்காரி சீருக்கு நின்றாள். ராசிபுரத்துக்காரிக்கு அதே விலையில் சேலை. அதே நிறத்திலும் எடுத்துத் தொலைத்ததால் அவள் அதை இன்றுவரை கட்டவில்லை.

சடவே இல்லாத கல்யாணக் காலம் ஒன்று உண்டா? உண்டு. 2020 ஊரடங்கு. ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது, மாவட்டம் தாண்ட இ-பாஸ். ‘ஏன் கூப்பிடவில்லை?’ என்று யாரும் கேட்க முடியாது. எல்லாச் சடவையும் அரசாங்கமே தலையில் போட்டுக்கொண்டது. அந்த மாதங்களில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள் முகத்தில் இன்றைக்கும் ஒரு தெளிச்சி இருக்கிறது.

மாற்றுச் சான்றும் இதே ஊரில் கிடைக்கிறது. சேலத்தில் வக்கீலாகவும், 1917 முதல் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜியின் மகள் லட்சுமியும் காந்தியின் மகன் தேவதாஸும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். பார்க்காமல், கடிதம் எழுதாமல் ஐந்து வருடம் காத்திருங்கள் என்றார்கள் இரண்டு தகப்பன்மாரும். காத்திருந்தார்கள்; 1933 ஜூன் 16 அன்று புனாவில் எளிமையாகக் கல்யாணம் நடந்தது. அவர்களை நிறுத்திவைத்தது மண்டபமா, ஜவுளியா, சமையல்காரரா? இரண்டு பெரியவர்களின் மனசு. அது கனிய ஐந்து வருடமும் ஆகலாம், 15 நாளும் ஆகலாம். சமையலுக்கு எப்போதும் ஒரே ராத்திரிதான்.

பத்திரிகையில் பெயர் வரிசை பற்றித் தனியாக எழுத இருந்தேன். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ பட்டியலில் தாய்மாமன் பெயர் முதலில் வருவதுதான் முறை. அவசரத்தில் அச்சடித்ததில், மேட்டூர்ப் பெரியப்பாவுக்கும் காரிப்பட்டிச் சின்ன மாமாவுக்கும் அடுத்து, இரண்டாம் பத்தியில், இனிஷியல் இல்லாமல் ஒரு பெயர் இருந்தது. ஆய்வுக்குத் தேவையற்ற விவரம் என்பதால் விட்டுவிடுகிறேன்.

2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் கல்யாணத்தைப் பதிய 90 நாள் தருகிறது. பெண்ணுக்கு விசா வாங்க அந்தச் சான்றிதழ் வேண்டுமாம். இன்று 84ஆம் நாள். சாட்சிக் கையெழுத்துப் போட நான்தான் வர வேண்டும் என்று மச்சான் காலையில் போனில் சொன்னார். நேரில் வந்து கூப்பிடட்டும் என்று இருக்கிறேன்.