கார் தவிர அனைவரும் நலம்

பர்மிங்காம்,
நவம்பர், திங்கள் இரவு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இவ்விடம் கார் தவிர அனைவரும் நலம். அவ்விடம் உங்கள் முழங்கால், சித்தியின் சர்க்கரை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மூன்றும் எப்படி இருக்கின்றன என்று எழுதவும்.

போன் இருக்கும்போது எதற்கடா கடிதம் என்பீர்கள். போனில் சொன்னால் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் "எர்த் பாருடா" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். முழுக் கதையையும் நீங்கள் கேட்டாக வேண்டும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

என் காரின் நம்பரில் நடுவே 53 என்று இருக்கும். இந்த நாட்டில் அதைப் பார்த்தாலே வண்டியின் வயது தெரிந்துவிடும்: 2003 செப்டம்பருக்கும் 2004 பிப்ரவரிக்கும் இடையில் பதிவானது. கிழட்டு வண்டியை இளசாகக் காட்டும் நம்பரை மாட்டவும் சட்டம் விடாது. ஆகவே எங்கள் தெருவில் எல்லார் வண்டியின் வயதும் எல்லாருக்கும் தெரியும். சம்பளத்தைத்தான் யாரும் கேட்பதில்லை. வண்டியின் வயதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள்.

மூன்று வயது தாண்டிய கார்கள் வருஷத்துக்கு ஒரு முறை எம்ஓடி என்ற பரீட்சையில் பாஸாக வேண்டும். நம்மூர் எஃப்சி மாதிரி. 1960இல் பத்து வயதான வண்டிகளுக்கென்று ஆரம்பித்தார்களாம். அப்புறம் வயதைக் குறைத்துக் குறைத்து மூன்றுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கட்டணம் 54.85 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது. இதில் நீங்கள் நம்பமாட்டாத சங்கதி ஒன்று: இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் இந்தப் பரீட்சையில் கேள்வியே கிடையாது. இன்ஜின் உள்ளே இருமிக்கொண்டிருந்தாலும் கவலை இல்லை. ஆனால் பின்னால் நம்பர் பிளேட்டுக்கு மேல் மினுக் மினுக்கென்று ஒரு ஐந்து வாட் பல்பு இருக்கிறதே, அது ஒழுங்காக எரியாவிட்டால் பெயில்.

நான் மூன்று பாடத்தில் பெயில். ஹாரன், வைப்பர், மேற்படி பல்பு.

இந்த ஊர் மெக்கானிக்குகளிடம் ஒரு பழக்கம். வண்டியில் என்ன கோளாறு என்று நாம் சொன்னதும் பல்லிடுக்கில் காற்றை 'ஸ்ஸ்' என்று உள்ளே இழுப்பார்கள். சத்தத்தின் நீளத்தை வைத்தே பில் தொகையைக் கணித்துவிடலாம். பிரேக் கட்டைக்கு அரை 'ஸ்'. எலெக்ட்ரிக்கல் என்றால் ஊர்க் காற்றையே உறிஞ்சிவிடுகிறார்கள். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க மட்டும் மணிக்கு 90 பவுண்டாம். கண்டுபிடித்த பிறகு வைப்பர் மோட்டாரை அப்படியே தூக்கிப்போட்டுப் புதுசு மாட்டவேண்டுமாம். நான் அந்தக் காரை வாங்கியதே 900 பவுண்டுக்கு. ரிப்பேர் பண்ணலாமே என்றேன். அந்தப் பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். இங்கே யாரும் எதையும் ரிப்பேர் செய்வதில்லை சித்தப்பா, மாற்றுகிறார்கள். நியாயம் அவர்கள் பக்கமும் இருக்கிறது: ஒரு ஆள் ஒரு மணி நேரம் யோசிப்பதற்கு ஆகும் கூலியில் ஒரு மோட்டாரே வாங்கிவிடலாம்.

ஆனால் ஒரு சலுகை உண்டு. ஹாரன், லைட், வைப்பர் மாதிரி சில்லறைக் கோளாறுகளைச் சரிசெய்து, அடுத்த வேலைநாள் முடிவதற்குள் அதே இடத்துக்குக் கொண்டுபோனால் மறுபரீட்சைக்குக் காசு வாங்கமாட்டார்கள். பெயிலானது சனிக்கிழமை. நடுவில் முழுசாக ஒரு ஞாயிற்றுக்கிழமை. உங்களோடு சின்ன வயதில் கொரட்டூர் வாசலில் டெஸ்ட் லாம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். விடுவேனா?

உங்கள் மருமகள் மட்டும், "வீட்டுக்குள்ள பாத்ரூம் லைட் எரிஞ்சு மூணு வாரம் ஆச்சு" என்று பொதுவாகக் காற்றிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

முதலில் ஹாரன். இதை நம்மூரில் சொன்னால் சிரிப்பார்கள்: அடிக்காமலே விட்டதால் என் ஹாரன் ஊமையாகிவிட்டது. இங்கே இரவு பதினொன்றரை முதல் காலை ஏழு வரை குடியிருப்புப் பகுதியில் ஹாரன் அடிக்கக் கூடாது என்று விதி. மிச்ச நேரத்தில் அடித்தால் விதி விடும், ஜனங்கள் விடமாட்டார்கள். எதிரே போகிறவன் நம் பாட்டனாரைத் திட்டிவிட்டதைப்போல முறைப்பான். அதனால் பம்பருக்குப் பின்னால் தொங்கும் ஹாரனின் முனைகளில் பச்சை பூத்துவிட்டது. குளிர்காலத்தில் ரோடு உறையாமலிருக்க முனிசிபாலிட்டி லாரி உப்பைத் தூவிக்கொண்டே போகும். அந்த உப்புத்தண்ணீர் செய்த வேலை. உப்புத்தாளால் தேய்த்து, வாஸ்லின் தடவி, மாட்டி, அழுத்தினேன். முழுத் தெருவும் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தது. பாடி மேம்பாலத்தடியில் நிற்கிற மாதிரி ஒரு நிமிஷம் எனக்குச் சுகமாக இருந்தது.

வைப்பர்தான் பெரிய கதை. சென்னையில் வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் மழை. பர்மிங்காமில் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டினால் அதிகம். ஆனால் நம்முடையது ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இவர்களுடையது வருஷம் முழுக்கத் தவணை முறையில் வரும். நனையவும் நனையாது, காயவும் காயாது. கண்ணாடியில் சும்மா ஒரு பூச்சு. வைப்பரை ஓடவிட்டால் காய்ந்த கண்ணாடியில் கீச்சுக் கீச்சென்று கத்தும், நிறுத்தினால் முன்னே போகும் பஸ் தெரியாது. இதற்கென்றே விட்டு விட்டுத் துடைக்கும் வைப்பரைக் கண்டுபிடித்தார் ராபர்ட் கியர்ன்ஸ் என்ற அமெரிக்கர். 1953இல் முதலிரவன்று ஷாம்பெயின் பாட்டில் மூடி பறந்துவந்து அவருடைய இடது கண்ணில் அடித்துப் பார்வை போய்விட்டதாம். பிற்பாடு தூறலில் கார் ஓட்டும்போது, கண் இமை எப்போதும் அடித்துக்கொண்டா இருக்கிறது, வேண்டியபோது மட்டும்தானே என்று யோசித்தார். 1964இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கார் கம்பெனிகளோடு வருஷக்கணக்கில் கோர்ட்டில் மல்லுக்கட்டினார், பாதி நாள் வக்கீல்கூட வைத்துக்கொள்ளாமல். ஃபோர்டு கடைசியில் 1990இல் ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. நம் வீட்டுச் சுவர்த் தகராறை விடச் சீக்கிரம் முடிந்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

அவர் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்தது என் காரில் எப்படி வேலை செய்தது தெரியுமா? உற்சவர் புறப்பாடு மாதிரி. நாலு விரற்கடை நகரும், நிற்கும். மறுபடி நாலு விரற்கடை. சுவிட்சை அணைத்தால் கீழே இறங்காமல் நட்ட நடுக் கண்ணாடியில், என் மூக்குக்கு நேரே, விறைத்துக்கொண்டு நிற்கும். உங்களுக்கு இதற்குள் காரணம் தெரிந்திருக்கும். இருந்தாலும் திருநெல்வேலிக்கே அல்வா விற்கிறேன், கேளுங்கள்.

மோட்டார் இருப்பது கண்ணாடிக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள். மூடியை எடுக்க வைப்பர் கைகள் இரண்டையும் கழற்றியாக வேண்டும். முதலில் அவை படுத்திருக்கும் இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் மாட்டும்போது பல் தவறி, ஒரு கை வானத்தைப் பார்க்கும். நட்டு லேசாகக் கழன்றது. கை வரவில்லை. தண்டின் பற்களில் அதே உப்பு, துரு. நெம்பினால் கண்ணாடி போய்விடும். இரண்டு கால் வைத்த சின்ன புல்லர் ஒன்றை மாட்டி, திருகித் திருகி இறுக்க, துப்பாக்கி வெடித்த மாதிரி 'டப்' என்று ஒரு சத்தம். வந்துவிட்டது.

மூடிக்கடியில் பார்த்தால் ஒரு தோட்டமே இருந்தது. இலையுதிர் காலத்து இலை, எத்தனை வருஷத்ததோ, மக்கி மண்ணாகி, தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்திருந்தது. மோட்டார் அந்தக் குட்டையில் கழுத்தளவு நின்றிருக்கிறது. அதன் மூடியைக் கழற்றினேன். உள்ளே வெள்ளைப் பல்சக்கரம். அதன் முதுகில் வட்டமாக ஒரு செம்புத் தகடு, ஓரிடத்தில் மட்டும் சின்ன இடைவெளி. அதை உரசிக்கொண்டு பித்தளையில் மூன்று விரல்கள். நாம் சுவிட்சை அணைத்த பிறகும் இந்தத் தகடு வழியாகக் கரண்ட் வந்துகொண்டே இருக்கவேண்டும். வைப்பர் கீழே வந்து படுக்கும் கணத்தில்தான் விரல் அந்த இடைவெளிக்கு வந்து கரண்டை அறுக்கும். இங்கே தகடு முழுக்கக் கறுத்து, கிரீஸ் மெழுகாக இறுகி, விரலுக்கும் தகட்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்ததும் செம்பு பளிச்சென்று சிரித்தது. விரல்களை ஒரு நூல் வளைத்து, புது கிரீஸை ஓரமாகத் தடவினேன். செலவு சுழியம். 'ஸ்ஸ்' என்று இழுத்தவன் கண்ணெதிரே இதைச் செய்து காட்டவேண்டும் என்று ஆசை.

இந்த இடத்தில்தான் தூறல் ஆரம்பித்தது. எங்களுக்குக் கராஜ் கிடையாது, தெருவில்தான் வேலை. எதிர்வீட்டுப் பெரியவர் குடையோடு வந்தார். வயது எண்பதைத் தாண்டும். நம்மைப் பார்த்து இரக்கப்பட்டாரே என்று நிமிர்ந்தால், குடையை மோட்டாருக்குப் பிடித்தார். தலையில் சொட்டச் சொட்ட நான் மாட்டினேன்.

பேச்சுக் கொடுத்தேன். இந்த ஊர் கிரேட் கிங் தெருவில் இருந்த லூகாஸ் ஆலையில் முப்பது வருஷம் இருந்தவராம். சித்தப்பா, எனக்குக் கை நடுங்கிவிட்டது. என் சித்தப்பா பாடி லூகாஸ் டிவிஎஸ் என்றேன். குடை என் பக்கம் வந்தது. "எந்த செக்ஷன்?" என்று கேட்டார். ஸ்டார்ட்டர் மோட்டார் என்றேன். யோசித்துவிட்டு, "பரவாயில்லை" என்றார். அவர் டைனமோ. டைனமோக்காரர்களுக்கு ஸ்டார்ட்டர்காரர்கள் என்றால் உலகம் முழுக்க ஓர் இளக்காரம்தான் போலிருக்கிறது.

பழைய மோட்டார் சைக்கிள்காரர்கள் லூகாஸை 'இருட்டின் இளவரசர்' என்று கேலி செய்வதை அவரே சொன்னார். வெள்ளைக்காரன் ஏன் பீரைச் சில்லென்று குடிப்பதில்லை? அவன் வீட்டு பிரிட்ஜையும் லூகாஸ்தான் செய்திருக்கிறான். அவர் சொன்னால் நாம் சிரிக்கலாம். நாம் சொன்னால் குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று தோன்றியது.

கடைசியாக அந்த ஐந்து வாட் பல்பு. சாயங்காலம் நாலே காலுக்கெல்லாம் இங்கே இருட்டிவிடும், அதுவும் வசதிதான், லைட் தெரிந்தது. பார்க் லைட்டைப் போட்டால் நம்பர் பிளேட் பல்பு மங்கலாக எரியும். பிரேக்கை மிதித்தால் அணையும். காலை எடுத்தால் மறுபடி எரியும். உங்கள் மருமகளை மிதிக்கச் சொல்லி, பின்னால் நின்று நானும் பெரியவரும் பார்த்தோம். அவர் வாயைத் திறந்தார். அதற்கு முன் நான் தமிழிலேயே சொல்லிவிட்டேன்: "எர்த்!" அவருக்கு அது புரிந்தது.

டிக்கிக் கதவுக்கும் வண்டிக்கும் நடுவே ஒயர்கள் ஒரு ரப்பர்க் குழாய்க்குள் போகின்றன. இருபது வருஷமாகக் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, உள்ளே எர்த் ஒயர் அறுந்திருக்கிறது. மேல் தோல் முழுசாக இருந்தது. இழுத்தபோதுதான் ரப்பராக நீண்டது. எர்த் இல்லாத கரண்ட் சும்மா இருக்குமா? மேலே உள்ள மூன்றாவது பிரேக் பல்புக்குள் புகுந்து, பிரேக் ஒயர் வழியாகக் கீழ் பல்புகளுக்குப் போய் அங்கே எர்த் தேடிக்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தால் அந்த வழியும் அடைபட்டுப் போகும், பல்பு அணையும். ஒரு சாண் புது ஒயரைச் சேர்த்து சால்டர் வைத்து, மேலே சுருங்கும் ஸ்லீவைப் போட்டு சூடு காட்டினேன். இந்தக் குளிரில் இன்சுலேஷன் டேப் ஒரு மாதம்கூட ஒட்டாது என்று பெரியவர் சொன்னார். அவரே வீட்டிலிருந்து ஸ்லீவ் கொண்டுவந்தார்.

இன்று பாஸ். சீட்டில் 'பின் வலது டயர் தேய்ந்து வருகிறது, கவனிக்கவும்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. பாத்ரூம் லைட்டையும் போட்டுவிட்டேன், சித்தியிடம் சொல்லவும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெரியவரின் ஷெட்டில் ஒரு புல்லட் இருக்கிறது. திருவொற்றியூரில் செய்தது இல்லை, இங்கே பக்கத்து ரெட்டிச்சிலேயே செய்த பழைய புல்லட். அதன் ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் அம்மீட்டரின் முள் செத்துவிட்டது. இங்கே கேட்கிற விலைக்கு நம்மூரில் அரை வண்டி வாங்கலாம். நீங்கள் புதுப்பேட்டைப் பக்கம் போகும்போது நல்லதாக ஒன்று பார்த்து வாங்கிவையுங்கள். முள் இரண்டு பக்கமும் ஆடுகிறதா என்று கடையிலேயே பேட்டரியில் வைத்துப் பார்த்துவிடுங்கள். வெளிநாட்டுக்கு என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள், விலையை மூன்று மடங்காக்கிவிடுவான். தை மாதம் வரும்போது நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்